இஸோல்டேயா, இஸூல்டா?

ஐரோப்பாவின் இடைக்காலக் காதல் கதையான டிரிஸ்டன் கதையைத் தமிழில் எழுத முற்படுகிறவர் முதலில் தீர்க்க வேண்டியது, நாயகியை ‘இஸோல்டே’ என்பதா, ‘இஸூல்ட்’ என்பதா என்பதைத்தான். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலின் அரசன் மார்க்குக்கு மணமுடிக்க அழைத்துவரப்படும் வழியில், கப்பலில் டிரிஸ்டனோடு காதல் மருந்தை அறியாமல் பருகிவிட்ட அயர்லாந்து இளவரசி அவள். ஆள் ஒருத்திதான் என்றாலும், இரு வடிவங்களும் ஒரே பெண்ணை நம் கண்முன் நிறுத்துவதில்லை.

‘இஸோல்டே’ ஜெர்மானிய வடிவம். 1210ஐ ஒட்டி ஜெர்மானியக் கவிஞர் காட்ஃபிரீட் இயற்றிய காவியத்தின் வழிவந்து, 1865இல் மியூனிக்கில் அரங்கேறிய வாக்னரின் இசைநாடகத்தால் உலகெங்கும் பரவியது. உயிரொலியில் முடிவதால் பாடுவதற்கு இசைவானது. காதலனின் உடலருகே பாடியபடியே உயிர்விடும் பெண்ணை அது நினைவூட்டுகிறது.

‘இஸூல்ட்’ பழைய பிரெஞ்சு மரபைச் சார்ந்து ஆங்கிலத்தில் நிலைத்த வடிவம். அம்மரபில், 12ஆம் நூற்றாண்டில் பெரூல் என்ற கவிஞர் பாடிய இஸூல்ட் வெறுமனே துயரப்படுகிறவள் அல்லள். மார்க்கை மணந்தபின் டிரிஸ்டனோடு உறவு என்ற பழியை மறுத்து, கற்பை நிறுவச் சத்தியம் செய்யச் செல்லும் வழியில், தொழுநோயாளி வேடமிட்டு வந்த டிரிஸ்டனின் முதுகில் ஏறிச் சேறு நிறைந்த ஆற்றுத்துறையைக் கடக்கிறாள். பிறகு, அந்த நோயாளியையும் அரசனையும் தவிர வேறெவனும் தன் தொடைகளுக்கிடையே வந்ததில்லை என்று, புனிதர்களின் திருப்பண்டங்கள்மீது ஆர்தர் அரசன் முன்னிலையில் ஆணையிடுகிறாள். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இந்த மதிநுட்பத்திற்காகவே அவள்மீது எனக்குத் தனிப் பற்று உண்டு.

பெயரின் வேர் குறித்தும் இரு தரப்புகள் உள்ளன. பனியையும் போரையும் குறிக்கும் ஜெர்மானியச் சொற்களிலிருந்து வந்தது என்பது ஒன்று. வேல்ஸ் மொழியின் ‘எஸில்ட்’, அதாவது ‘காணத் தக்கவள்’ என்பது மற்றொன்று. எனக்குப் பின்னதே வலுவாகத் தெரிகிறது. கார்ன்வாலின் லிசர்டு தீபகற்பத்தில் 967ஆம் ஆண்டின் நிலப்பட்டயம் ஒன்று, எல்லை குறிக்கையில் ‘எஸெல்ட்டின் ஆற்றுத்துறை’ என்கிறது. அது கதைக்குச் சான்றாகாது. ஆயினும் பெரூலுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்பே அந்தப் பெயர் அம்மண்ணில் வழங்கியதற்குச் சான்று.

ஆகவே வாக்னரைப் பற்றி எழுதும்போது ‘இஸோல்டே’ என்றும், பழங்கதையைச் சொல்லும்போது ‘இஸூல்ட்’ என்றும் எழுதுவதே தகும். ஆனால் ஒரே கதைக்குள் இரண்டையும் கலக்கக் கூடாது. ஏனெனில் டிரிஸ்டன் பின்னர் பிரான்சின் பிரிட்டனியில் மணந்த ‘வெண்கை இஸூல்ட்’ என்ற வேறொருத்தியும் அதே பெயருடையவள். அந்தப் பெயருக்காகவும் அழகுக்காகவுமே அவளை மணந்தான். முதல் இஸூல்ட் வருகிறாள் என்பதற்கு அடையாளமாக வெண்பாய் விரித்து வந்த கப்பலைக் கரும்பாய் என்று பொய்சொல்லி அவன் உயிரைப் போக்கியவளும் அவளே.