பிராம்ப்டனில் ட்ரக் ஓட்டப் போகிறவர்கள் கவனத்திற்கு: என் 9,600 டாலர் போய்விட்டது

கனடாவின் பிராம்ப்டனில் பஞ்சாபியர் ஒருவர் நடத்தும் ட்ரக் நிறுவனத்தில், ஜலந்தர் பக்கத்திலிருந்து வந்த நண்பர் ஒருவரும் நானும் மாறி மாறி வண்டியோட்டிக் கால்கரிவரை சரக்குக் கொண்டுபோனதற்கான கூலியில், என் பங்கு மட்டும் 9,600 டாலர் வர வேண்டும். அது வராது என்று நேற்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி எங்களை உட்காரவைத்து, இஞ்சித் தேநீர் வரவழைத்து, நண்பரின் ஊர் எது, தாய்மாமன் யார், எந்தக் குருத்வாராவுக்குப் போகிறார் என்றெல்லாம் விசாரித்தார். தானும் நண்பரும் ஜலந்தரைச் சுற்றியுள்ள தோஆபா வட்டாரத்துக்காரர்கள் என்று தெரிந்ததும், "பேட்டா (மகனே), இது உன் வீடு" என்று அவர் தோளைத் தட்டினார். தமிழனான என்னையும் "இவனும் நம் பையன்தான்" என்று சேர்த்துக்கொண்டார். மகனைக் கனடாவுக்கு அனுப்ப நிலத்தை அடகு வைத்த குடும்பத்துப் பிள்ளைக்கு, பனிக்கொட்டும் ஊரில் தன் மொழியில் தன் கிராமத்தை விசாரிக்கும் பெரியவர் கிடைத்தபின் ஒப்பந்தப் பத்திரத்தைக் கேட்க வாய் வருமா? அந்தப் பேச்சின் நடுவில்தான், ஆளுக்கொரு கம்பெனி பதிவுசெய்து அதன் பெயரில் பில் கொடுங்கள், வரிப் பிடித்தமில்லாமல் முழுப் பணமும் கைக்கு வரும் என்றார். இங்கே 'டிரைவர் இன்க்' என்று ஊரறிந்த ஏற்பாடு அது. வண்டி அவருடையது, புறப்படும் நேரமும் போகும் வழியும் அவர் சொல்வது. காகிதத்தில் மட்டும் நாம் தொழிலாளர் அல்லர் என்பதால் விடுமுறைச் சம்பளமும் இல்லை, வேலையிழப்புக் காப்பீடும் இல்லை.

முதலில் ஒழுங்காகத்தான் கொடுத்தார்கள். பிறகு சரக்குப் பிடித்துத் தரும் தரகர் பணம் போடவில்லை என்றார்கள். கணக்காளர் இந்தியா போயிருக்கிறார் என்றார்கள். வழியிலுள்ள தண்டர் பே ஊரருகே டிரெய்லரில் கீறல் விழுந்ததாக, நடக்காத ஒன்றுக்குக் கழிவு எழுதினார்கள். 9,600 டாலரை விடாமல் கேட்டபோது, "இது இரண்டு கம்பெனிகளுக்கு இடையிலான தகராறு, கோர்ட்டுக்குப் போ" என்று பதில் வந்தது. நண்பரை வேறு விதமாக மடக்கினார்கள். பி.ஆர். எனும் நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பத்துக்கு அனுபவக் கடிதம் வேண்டாமா என்று கேட்டதோடு நிற்காமல், பையன் பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறான் என்று கிராமத்திலிருக்கும் அவருடைய தந்தைக்கே தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். பணம் போனதைவிட என்னைக் கொதிக்க வைத்தது இதுதான்.

பஞ்சாபிகளே இப்படித்தான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இப்படிக் கூலியை விழுங்குகிறவர்களின் வீட்டு வாசலிலேயே போய் நின்று முழக்கமிடும் நௌஜவான் சப்போர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பை 2021-இல் இதே பிராம்ப்டனில் தொடங்கியவர்களும் பஞ்சாபி இளைஞர்களும் மாணவர்களும்தான். எங்களுக்கு வழி சொன்னவர்களும் பஞ்சாபி ஓட்டுநர்களே.

ஆலோசனைகளை விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. கம்பெனி பதிவுசெய் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பயண விவரங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். மாகாண எல்லை தாண்டி ஓட்டுகிறவர்கள் மத்தியத் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். காகிதத்தில் கம்பெனி என்றிருந்தாலும், நடைமுறையில் நீங்கள் தொழிலாளரா என்பதை அவர்கள் பார்ப்பார்கள். ஆனால் கூலி தர வேண்டிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் புகாரைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அவர்கள் இழுப்பது அந்தக் கெடு தாண்டட்டும் என்றுதான். 9,600 டாலருக்கான என் புகாரை இன்று காலை அனுப்பிவிட்டேன். அனுபவக் கடிதம் முதலாளி கையில் இருப்பதால் நண்பர் இன்னும் அனுப்பவில்லை.