4–20 மில்லிஆம்ப், 0–10 வோல்ட், ஆர்எஸ்-485: மில் ஈரப்பத டிரான்ஸ்மிட்டருக்கு எது?

ஸ்பின்னிங் மில்லின் ரிங் ஃபிரேம் பகுதியில் ஈரப்பதம் சுமார் 55–60 சதவீதத்தில் நிற்க வேண்டும். ஏறினால் ரோலரில் பஞ்சு சுற்றும், இறங்கினால் இழை அறும். சென்சார் சரியாக இருந்தாலும் வயரிங் அளவைக் கெடுத்துவிடும். சென்சாரின் அளவை மின் சிக்னலாக்கிக் கன்ட்ரோலருக்கு அனுப்புவது டிரான்ஸ்மிட்டர்; தலைப்பில் உள்ள மூன்றும் அது அனுப்பும் வழிகள்.

0–10 வோல்ட் மலிவு. மூன்று கம்பி போதும்; வில்லங்கமும் அந்த மூன்றாவது கம்பியில்தான். சப்ளைக்கும் சிக்னலுக்கும் அதே நெகட்டிவ். 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி 100 மீட்டருக்குச் சுமார் 3.7 ஓம். டிரான்ஸ்மிட்டர் 20 மில்லிஆம்ப் இழுத்தால் அதில் 74 மில்லிவோல்ட் விழும். 0–100 ஸ்கேலில் 0.7 சதவீதம் கூடுதலாகக் காட்டும். சிக்னல் நெகட்டிவுக்குத் தனியாக நான்காவது கம்பி இழுத்தால் இது தீரும். தீராதது இன்னொன்று: சிக்னல் கம்பி அறுந்தால் பெரும்பாலும் 0 வோல்ட் வரும். கன்ட்ரோலர் அதை ஒரேயடியாக உலர்ந்த காற்று என்று எடுத்துக்கொண்டு, ஸ்பிரே பம்பை முழு வேகத்தில் ஓட்டும். பேனலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சென்சாருக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

4–20 மில்லிஆம்பில் அளவு மின்னோட்டமாகப் போவதால் கேபிள் நீளம் அதைத் தொடாது. வோல்ட் கணக்கு மட்டும் பார்க்க வேண்டும். 24 வோல்ட் சப்ளையில், கன்ட்ரோலர் பக்கத்து 250 ஓம் ரெசிஸ்டருக்கு 5 வோல்ட், 200 மீட்டர் கேபிளின் போக வர இரு கம்பிக்கும் 0.3 வோல்ட் போனால் 18.7 மிஞ்சும். 12 வோல்ட் கேட்கும் டிரான்ஸ்மிட்டருக்கு இது தாராளம். கம்பி அறுந்தால் 0 மில்லிஆம்ப், 3.6-க்குக் கீழே அலாரம் என்று பிஎல்சியில் (புரோகிராம் எழுதி இயக்கும் கன்ட்ரோலர்) எழுதிவிடுங்கள், எழுதாவிட்டால் இந்த வசதியே வீண். ஈரப்பதம், வெப்பநிலை இரண்டும் தரும் பல மாடல்களில் முதல் லூப்புக்கு (மின்னோட்டச் சுற்று) சப்ளை இல்லையென்றால் இரண்டாவதும் எழாது. வெப்பநிலை மட்டும் இணைத்துவிட்டு டிரான்ஸ்மிட்டர் பழுது என்று கழற்றுபவர்கள் உண்டு.

பத்து இடத்துக்கு மேல் என்றால் ஆர்எஸ்-485; ஒரே கேபிளில் பல டிரான்ஸ்மிட்டர்களின் அளவும் டிஜிட்டலாகப் போகும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வரிசையாக இழுக்க வேண்டும், நட்சத்திரமாகப் பிரிக்கக் கூடாது. இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர், கூடவே ஒரு காமன் கம்பி. இரண்டு சிக்னல் கம்பிகளைக் குறிக்கும் ஏ, பி எழுத்துகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பதில் வராவிட்டால் முதலில் அவற்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இனி ஷீல்டு, அதாவது கேபிளுக்குள் கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறை. அனலாக் சிக்னலுக்கு (வோல்ட், மில்லிஆம்ப் இரண்டும்) பேனல் பக்கம் மட்டும் எர்த். சென்சார் பக்கம் வெட்டி ஸ்லீவ் போட்டு மூடவும். இரு பக்கமும் எர்த் செய்தால், இரண்டு எர்த்துக்கும் இடையிலான வோல்ட் வித்தியாசம் ஷீல்டில் மின்னோட்டமாக ஓடி, அளவை 50 ஹெர்ட்ஸில் ஆட்டும். விஎஃப்டியின் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) உயர் அதிர்வெண் இரைச்சலுக்கு ஒரு பக்க எர்த் போதாத இடமும் உண்டு. அங்கே சென்சார் பக்க ஷீல்டை 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக எர்த் செய்யலாம். மோட்டார் கேபிளிலிருந்து 30 செ.மீ. தள்ளி இழுங்கள், கடந்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாக.

சென்சார் பெட்டிக்கு வரும் கான்டூயிட் (கேபிள் குழாய்) வாயை அடைக்காமல் விட்டால் பேனல் பக்கத்துச் சூட்டுக் காற்று உள்ளே வரும். சென்சார் 1 டிகிரி சூடானாலே 60 சதவீதம் 57-க்கு இறங்கித் தெரியும்.