தொடை வழியா, நெஞ்சு வழியா? வால்வு மாற்ற இரண்டு பாதைகள்

ஒருவருக்கு நடந்தால் மூச்சு வாங்குகிறது, படியேறினால் நெஞ்சு இறுக்குகிறது, ஒருநாள் கிறுகிறுத்து விழுந்தும்விட்டார். எக்கோ எடுத்தால், இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்டிக் வால்வு சுருங்கியிருக்கிறது. மாத்திரையால் இந்தச் சுருக்கம் விரியாது. வால்வை மாற்றத்தான் வேண்டும். நெஞ்சைத் திறந்தும் மாற்றலாம், தொடைத் தமனி வழியாக டாவி முறையிலும் மாற்றலாம். டாவி என்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றதும் குடும்பமே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

திறந்த அறுவை சிகிச்சையில் நெஞ்செலும்பை அறுத்து, ரத்த ஓட்டத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்து, இதயத்தை நிறுத்துகிறார்கள். வால்வின் இதழ்கள் சுண்ணாம்பு படிந்து கல்லாய் இறுகியிருக்கும். சர்ஜன் அவற்றை வெட்டியெடுத்து, ஓரத்தில் ஒட்டியிருக்கும் துணுக்குகளையும் பொறுமையாகக் கிள்ளியெடுக்கிறார். ஒன்று தப்பினாலும் மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். கழுவிவிட்டு, புது வால்வைச் சுற்றிலும் தையல் போட்டு உட்கார வைக்கிறார்.

டாவியில் பழைய வால்வை யாரும் எடுப்பதில்லை. மடித்துச் சுருக்கிய வால்வைக் கம்பி வழியே உள்ளே கொண்டுபோகிறார்கள். பலூன் வகை என்றால், துடிப்பைத் தூண்டும் கருவியான பேஸ்மேக்கரைத் தற்காலிகமாக வைத்து இதயத்தை நிமிடத்துக்கு 180 தடவை வரை துடிக்க விடுகிறார்கள். அந்த வேகத்தில் அதனால் ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாது; பிரஷர் இறங்கும். அந்தச் சில நொடிகளில் பலூனை ஊதினால், புது வால்வு விரிந்து பழையதைச் சுவரோடு அமுக்கிக்கொண்டு நிற்கும்.

டாவியின் தொல்லைகளும் இங்கிருந்துதான் வருகின்றன. பழைய சுண்ணாம்பு மேடுபள்ளமாக இருப்பதால் ஓரத்தில் ரத்தம் கசியலாம். துடிப்புக்கான மின்பாதை வால்வுக்கு அடியிலேயே ஓடுகிறது; அது நசுங்கினால் நிரந்தர பேஸ்மேக்கர். அறுவைக்கும் தொல்லை உண்டு: ரத்தப்போக்கும் சீரற்ற துடிப்பும் அதில் அதிகம், எலும்பு கூடவும் வாரக்கணக்கில் ஆகும்.

2002இல் பிரான்சின் ரூவான் நகரில் டாக்டர் அலென் கிரிபியே முதன்முதலாக டாவியைச் செய்தபோது, அறுவையே தாங்காத நிலையில் இருந்த ஒருவருக்குத்தான் செய்தார். அப்புறம் அறுவையில் ஆபத்து குறைந்தவர்களுக்கும் வந்துவிட்டது. அவர்களை வைத்து நடந்த பார்ட்னர் 3 ஆய்வில், முதல் ஆண்டில் மரணம், பக்கவாதம், மறுபடி ஆஸ்பத்திரி ஆகிய மூன்றும் சேர்ந்து டாவியில் 8.5 சதவீதம், அறுவையில் 15.1. ஐந்தாம் ஆண்டில் 22.8, 27.2, புள்ளியியல் கணக்கில் அது பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அந்த ஆய்வில் சராசரி வயது 73. பிறவியிலேயே இரண்டு இதழ் வால்வு உள்ளவர்களையும் அதில் சேர்க்கவில்லை. ஐம்பது, அறுபது வயதில் வால்வு சுருங்குகிறவர்களில் பலர் அந்த வகைதான்!

அந்த வயதுக்காரருக்கு என் ஓட்டு அறுவைக்கே. டாவி வால்வின் இதழ்கள் மாட்டின் அல்லது பன்றியின் திசு, என்றாவது தேயும். அப்போது அதற்குள்ளேயே இன்னொன்றை வைக்கலாம், ஆனால் வழி இன்னும் குறுகும். இதயத்துக்கு ரத்தம் தரும் தமனிகளின் வாய் மறைந்துபோகும் அபாயமும் உண்டு. முதல் டாவியை அறுத்தெடுப்பது, முதலிலேயே அறுவை செய்வதைவிடக் கடினம். அறுவையில் உலோக வால்வு வைக்கவும் வழியிருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிறுவனத்தில் உருவான சித்ரா வால்வு 1990 முதல் நம் நாட்டில் பொருத்தப்படுகிறது. பல பத்தாண்டு உழைக்கும். அதற்குக் கொடுக்கும் விலை, ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். டெஸ்ட்டும். கீரையை ஒருநாள் அள்ளிச் சாப்பிட்டு மறுநாள் தொடாமல் இருந்தால்கூட அந்த எண் ஆடும்.

எண்பதைத் தாண்டியவருக்கு, தமனிகள் இடம் கொடுத்தால், இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை, டாவிதான். 2020இன் அமெரிக்க வழிகாட்டுதலும் 65க்குக் கீழே அறுவை, 80க்கு மேலே டாவி, நடுவில் பேசி முடிவெடுங்கள் என்கிறது. பைபாஸும் சேர்த்துச் செய்ய வேண்டியிருந்தால் தராசு மறுபடி அறுவைப் பக்கம் சாயும். செலவு? குஜராத்தின் மெரில் நிறுவனமே மைவால்வ் என்ற டாவி வால்வைத் தயாரித்தும், இங்கே டாவி இன்னும் அறுவையைவிடப் பல லட்சம் கூடுதல்.