தீராத நோயில் பூனை: ஆஸ்பத்திரியா, வீட்டுப் பராமரிப்பா, கருணைக்கொலையா?

பூனைக்குப் பெரிய நோய் என்று மருத்துவர் சொன்ன பிறகு வீட்டில் இருப்பவர்கள் முன்னால் நான்கு வழிகள் நிற்கின்றன. ஆஸ்பத்திரியில் சேர்த்து முழு சிகிச்சை கொடுப்பது ஒன்று. வலியும் குமட்டலும் தெரியாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது கருணைக்கொலை. எதுவும் செய்யாமல், தானாகப் போகும்போது போகட்டும் என்று விடுவது நான்காவது. இந்தக் கடைசி வழியை ஒரு முடிவாகவே பலர் எண்ணுவதில்லை. ஆனால் பூனைக்கு அதன் விளைவு மற்ற மூன்றைப் போலவே உண்மையானது.

நான்கையும் ஒப்பிட நான் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: இந்த வழியில் போனால் பூனையின் ஒரு நாள் எப்படிக் கழியும்? சில வாரம் பொறுத்தால் குணமாகிவிடும் என்ற நம்பிக்கையை வைத்து மனிதர்கள் இன்றைய வலியைத் தாங்கிக்கொள்கிறோம். பூனைக்கு அந்த நம்பிக்கையைக் கொடுக்க நம்மிடம் மொழி இல்லை. இன்றைய குமட்டல், இன்றைய கூண்டு, இன்றைய வெயில் விழும் ஜன்னல் ஓரம், இவைதான் அதற்குத் தெரியும்.

நோய் எது என்று தெரியாமல் ஒப்பிட முடியாது

கேட்க ஒரே மாதிரி பயமாக இருக்கும் நோய்களுக்குள் எவ்வளவோ வித்தியாசம் இருக்கிறது. எஃப்.ஐ.பி. என்கிற, பூனைகளைத் தாக்கும் ஒரு வகைக் கொரோனா வைரஸால் வரும் வயிற்றுச்சவ்வு அழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகள் முன்புவரை இந்தப் பெயரைச் சொன்னாலே கருணைக்கொலை என்றுதான் அர்த்தம். 2019-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன் குழு ஜி.எஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 26 பூனைகள் 12 வார சிகிச்சையை முடித்தன, 25 பூனைகள் நீண்ட காலம் பிழைத்தன. இன்று இந்த நோய்க்கு, மருந்து கிடைக்கிறதா என்று விசாரிக்காமல் கருணைக்கொலைக்கு ஒப்புக்கொள்வது அவசரம்.

குடலில் வரும் சிறு செல் லிம்ஃபோமாவும் அப்படித்தான். புற்றுநோய் என்ற சொல் வீட்டையே உறைய வைத்துவிடும். ஆனால் வாய்வழியாகக் கொடுக்கும் குளோராம்புசில், பிரெட்னிசோலோன் மாத்திரைகளோடு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் நன்றாகச் சாப்பிட்டு வாழும் பூனைகள் நிறைய. பெரிய செல் லிம்ஃபோமா வேறு கதை. அங்கே பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் பேச்சு. ஆகவே "கட்டி" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். எந்த வகை, எப்படி உறுதி செய்தீர்கள், அந்தப் பரிசோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றுமா என்று கேளுங்கள். மாற்றாது என்றால் அந்தப் பரிசோதனையே தேவையில்லை.

எதிர்ப்பக்கத்தில், இதயத் தசை தடித்த பூனைக்கு இரத்தக் கட்டி போய் பின்னங்கால்களுக்கான பெருந்தமனியை அடைத்துக்கொள்ளும் நிலை இருக்கிறது. கால் திடீரென்று விழுந்துவிடும், பாதம் குளிர்ந்துவிடும், பூனை வலியில் கத்தும். இங்கே முதல் வேலை உடனடி வலி நிவாரணம். பிழைக்கும் பூனைகளும் உண்டு என்றாலும், அதே நாளில் கருணைக்கொலையைத் தேர்ந்தெடுப்பவர்களை யாரும் குறை சொல்லக் கூடாது.

ஆஸ்பத்திரியும் வீடும்

வயதான பூனைகளை அதிகம் பிடிப்பது நாள்பட்ட சிறுநீரக நோய். இதில் ஆஸ்பத்திரி சிகிச்சை எப்போது நியாயம் என்று தெரிந்துகொண்டால் மற்ற நோய்களுக்கும் கொஞ்சம் வழி தெரியும்.

சிறுநீரகம் வெளியேற்றாமல் இரத்தத்தில் சேரும் கழிவான கிரியேட்டினின் ஒரு டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் நான்காம் நிலை என்று வகைப்படுத்துகிறார்கள். ஆனால் நீர்ச்சத்து வற்றிக் கிடக்கும் பூனையில் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. கிருமித் தொற்று, சிறுநீர்க்குழாயில் கல், வாந்தியால் வந்த வறட்சி என ஏதாவது ஒன்று பழைய நோயின் மேல் ஏறி உட்கார்ந்து எண்ணை உயர்த்தியிருக்கலாம். இரண்டு மூன்று நாள் நரம்பு வழியே ட்ரிப்ஸ் ஏற்றினால் அது இறங்கி, பூனை எழுந்து சாப்பிட்டு, பல மாதங்கள் வீட்டில் இருக்க வாய்ப்பு உண்டு. எனவே முதல் தடவை விழும்போது ஆஸ்பத்திரிக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பது சரி என்பது என் எண்ணம். ஒரே நிபந்தனை, சேர்க்கும்போதே ஒரு கெடுவைப் பேசிவிட வேண்டும். இத்தனை மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி இரத்தம் எடுத்துப் பார்ப்போம், இறங்கவில்லை என்றால் என்ன செய்வோம் என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கெடு இல்லாத சிகிச்சை, 'இன்னும் ஒரு நாள்' என்று இழுத்துக்கொண்டே போகும். அந்த ஒவ்வொரு நாளையும் பூனை அந்நிய வாசனைகளுக்கும் நாய்க் குரைப்புக்கும் நடுவில் கூண்டில்தான் கழிக்கிறது.

கழுத்து வழியே உணவுக்குழாயில் டியூப் போடுவதைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பார்த்து மிரண்டு மறுப்பவர்கள் பலர். பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தால், குறிப்பாக அது குண்டுப் பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிரைக் குடிக்கும். அந்த நிலையில் டியூப் வழியே சில வாரம் உணவு கொடுத்தால் முழுதாகக் குணமாகும் பூனைகள் உண்டு. மாத்திரையும் அதிலேயே போய்விடும், வாயைப் பிளந்து போராட வேண்டாம். பெரும்பாலான பூனைகள் அதோடு தூங்கும், நடமாடும். ஆனால் திரும்ப வழியில்லாத புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் அதே டியூப் சாவைத் தள்ளிப்போடும், வாழ்வைக் கூட்டாது. அங்கே நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வீட்டுப் பராமரிப்பைப் பலர் 'கைவிட்டுவிட்டோம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். நேரில் பார்த்தால் இதில்தான் வேலை அதிகம். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் சலைன் ஏற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். மருத்துவரோ உதவியாளரோ ஒரு முறை காட்டினால் பெரும்பாலோருக்கு வந்துவிடும். குமட்டலுக்கு மாரோபிடன்ட், பசிக்கு மிர்டாசபைன் (காதின் உள்பக்கம் தடவும் களிம்பாகவும் வருகிறது), வலிக்கு ஈறில் விடும் புப்ரனார்ஃபின் போன்றவை இருக்கின்றன. சிறுநீரகத்துக்கான பாஸ்பரஸ் குறைந்த உணவை ஆரம்ப மாதங்களில் விடாமல் கொடுப்பது நல்லது. கடைசி வாரங்களில் அந்தக் கண்டிப்பு தேவையில்லை, எதைச் சாப்பிடுகிறதோ அதைக் கொடுக்கலாம். பூனை மலம், சிறுநீர் கழிக்கும் லிட்டர் பெட்டியின் ஓரம் தாழ்வாக இருந்தால் மூட்டு வலி உள்ள பூனையும் ஏறி இறங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். மனிதர்களுக்கான பாரசிட்டமால் பூனையைக் கொல்லும். அரை மாத்திரைகூட வேண்டாம். இதய நோய் உள்ள பூனைக்குச் சலைன் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கலாம், அதனால் மருத்துவர் அளவு சொல்லாமல் ஏற்றக் கூடாது.

வீட்டுப் பராமரிப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது. நீங்கள் அறைக்குள் வந்ததும் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிகிறதா? அப்படியென்றால் அந்த மாத்திரைகளுக்கும் ஊசிகளுக்கும் பூனை கொடுக்கும் விலை கூடிவிட்டது. எது உண்மையில் நிம்மதி தருகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. மாத்திரைப் பட்டியலைக் குறைத்த பிறகு பூனை மறுபடி மடியில் வந்து உட்கார்ந்தால், அந்த வீட்டில் நடப்பது நல்ல சிகிச்சை.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பது தீர்ந்துபோனால் வீட்டுப் பராமரிப்பும் நின்றுவிடும். அதனால் எவ்வளவு முடியும் என்று முதலிலேயே மருத்துவரிடம் சொல்வது பூனைக்கு நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அது படும் வலி நமக்கு எப்படித் தெரியும்?

பூனை வலியை மறைக்கும். புர்ர் என்ற சத்தம் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள், கடும் வலியிலும் சாகும் தறுவாயிலும் பூனைகள் புர்ர் என்கின்றன. முகம் கூடுதலாகச் சொல்லும். மாண்ட்ரியால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முக வலி அளவுகோலில் ஐந்தைப் பார்க்கிறார்கள்: காதின் நிலை, கண் இடுங்குவது, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதியின் இறுக்கம், மீசை, தலையைத் தாழ்த்துவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. மொத்தம் பத்துக்கு 4 வந்தால் வலி மருந்து பற்றி யோசிக்க வேண்டும்.

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் உருவாக்கிய இன்னொரு அளவுகோல் முழு வாழ்வையும் எடைபோடுகிறது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என ஏழு. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண், 35-க்கு மேல் இருந்தால் வீட்டுப் பராமரிப்பைத் தொடரலாம் என்பது கணக்கு. இந்த எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் இருவர் தனித்தனியாகப் போட்டுப் பார்த்து, எங்கே வேறுபடுகிறீர்கள் என்று பேசுவதில்தான் பயன். தினமும் பார்ப்பவருக்கு மெதுவான சரிவு பழகிப்போகும். அதனால் நாட்காட்டியில் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறித்து வையுங்கள், அவ்வப்போது ஒரு வீடியோவும் எடுத்து வையுங்கள்.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதைத் தாண்டினால் மருத்துவரை அழைக்க வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசரம், காலை வரை காத்திருக்கக் கூடாது.

கருணைக்கொலையும் தானாக வரும் சாவும்

இந்த இரண்டில்தான் மனம் அதிகம் அலைபாயும். நம் கையால் உயிரை எடுக்க வேண்டாம், தூக்கத்திலேயே போய்விட்டால் நல்லது என்று பலரும் வேண்டிக்கொள்கிறார்கள். அந்த வேண்டுதலில் அன்பு இருக்கிறது. மிக வயதான சில பூனைகள் ஓரிரு நாள் ஒடுங்கிக் கிடந்து அமைதியாகப் போவதும் உண்டு. ஆனால் அப்படித்தான் போக வேண்டும் என்று யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது. சிறுநீரகம் செயலிழந்த பூனைக்குக் கடைசி நாட்களில் ஓயாத குமட்டல், வாய்ப்புண், உடல் குளிர்ந்துபோவது, சில சமயம் வலிப்பு. இதயம் செயலிழந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுக்குத் திணறல். வாய்ப் புற்று என்றால் விழுங்க முடியாத பட்டினி. நான்கு வழிகளில் எனக்கு மிகக் கடினமாகத் தெரிவது, வலி மருந்துகூட இல்லாமல் இப்படி விட்டுவிடுவதுதான்.

கருணைக்கொலையில் நடப்பது இது. முதலில் மயக்க ஊசி. சில நிமிடங்களில் பூனை ஆழ்ந்து தூங்கிவிடும். அப்புறம் நரம்பில் பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்தை அதிக அளவில் செலுத்துவார்கள், ஓரிரு நிமிடங்களில் இதயம் நிற்கும். இரத்த அழுத்தம் குறைந்த பூனைக்கு நரம்பு கிடைக்காமல் போகலாம். அப்போது மயக்கத்தில் இருக்கும்போதே சிறுநீரகத்தில் ஊசி போடுவது வழக்கம், அது பூனைக்குத் தெரியாது. கண் மூடாது. உயிர் போன பிறகும் ஒரு மூச்சிழுப்போ தசைத் துடிப்போ வரலாம், சிறுநீர் கழியலாம். இதையெல்லாம் முன்பே சொல்லி வைத்தால் பக்கத்தில் இருப்பவர் அதிர மாட்டார். மயக்க ஊசி முதலில் போடுவார்களா என்று கட்டாயம் கேளுங்கள். வீட்டுக்கு வர முடியுமா என்றும் கேளுங்கள், முடிந்தால் கூடையில் அடைக்கும் கலவரம் மிச்சம்.

எப்போது என்பது நோயைப் பொறுத்தது. சிறுநீரக நோயில் சரிவு பெரும்பாலும் மெதுவாக வரும், யோசிக்க நாள் இருக்கும். இதய நோயில் அப்படி இல்லை. நேற்று விளையாடியது இன்று மூச்சுக்குத் தவிக்கும். அதனால் இதய நோயில் கொஞ்சம் முன்கூட்டியே முடிவெடுப்பவர்கள் பக்கம்தான் நான். நள்ளிரவுத் திணறலில், தெரியாத மருத்துவர் முன்னால், அலறிக்கொண்டு எடுக்கும் முடிவைவிட அது பூனைக்கு இதமானது.

கருணைக்கொலையை ஏற்கவே முடியாத குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களை வற்புறுத்தக் கூடாது. அப்போதும் 'சும்மா விடுவது' மட்டுமே மிச்சம் என்று இல்லை. மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, வலுவான வலி மருந்து, குமட்டல் மருந்து, வலிப்பு வந்தால் கொடுக்க ஒரு மருந்து, இவற்றைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு கடைசிவரை கூட இருக்கலாம். ராத்திரியும் பகலும் யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டிவரும். ஆனால் மருந்துக்கு அடங்காத வலியோ திணறலோ வந்தால் என்ன செய்வோம் என்பதை அங்கேயும் முன்பே பேசியாக வேண்டும்.

வீட்டில் மற்ற பூனைகள் இருந்தால் உடலை முகர்ந்து பார்க்க விடலாம். சில வரும், சில திரும்பிக்கூடப் பார்க்காது. கருணைக்கொலை மருந்து உடலிலேயே தங்கிவிடும். புதைப்பதானால் நாயோ பறவையோ தோண்டி எடுக்காத ஆழத்தில் புதைக்க வேண்டும், இல்லையென்றால் அதைத் தின்னும் உயிரும் சாகும். எரிப்பதில் அந்தக் கவலை இல்லை. மீந்த வலி மருந்துகளை அடுத்த பூனைக்கு ஆகும் என்று அலமாரியில் வைக்காமல் மருத்துவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.