தமிழ் உறவுமுறைச் சொற்களுக்காகப் புரோட்டேஜேயில் செய்த வேலை: ஒரு மதிப்புரை

ஒரு துறையின் கருத்துருக்களையும் அவற்றுக்கு இடையிலான தொடர்புகளையும், கணினியும் கையாளும்படி ஐயமில்லாமல் வரையறுத்து எழுதி வைப்பதே ஆன்டாலஜி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் மியூசன் 1980களில் மருத்துவ அறிவைத் தொகுக்கும் முயற்சியாகத் தொடங்கிய புரோட்டேஜே, அதை எழுதுவதற்கான மென்பொருள்களில் மிகப் பரவலாகப் பயன்படுவது. திறமூல மென்பொருளான இதற்குக் கட்டணம் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

தமிழ் உறவுமுறைச் சொற்களைத் தொகுக்க இதைப் பயன்படுத்தினேன். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கிவிடும் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை கணவர் ஆகியோரைத் தமிழ் தனித்தனியே பிரித்தறிவதால், கருவியின் வலிமையைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான களம் எனக்குத் தோன்றவில்லை. ஒருவரின் தாய், அந்தத் தாயின் சகோதரன் என்ற இரண்டு தொடர்புகளைச் சங்கிலியாகக் கோத்துத் ‘தாய்மாமன்’ என்று ஒருமுறை வரையறுத்துவிட்டால், அதன்பின் யாருக்கு யார் தாய்மாமன் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. உடன் வரும் ஹெர்மிட் என்ற ரீசனர், அதாவது எழுதிய கூற்றுகளிலிருந்து புதிய முடிவுகளைத் தருவிக்கும் நிரல், தானே கண்டுபிடித்து, மஞ்சள் பின்னணியில் காட்டுகிறது. முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

புதியவர்கள் தடுமாறும் இடமும் இந்த ரீசனர்தான். ஒருவருக்குத் தாய் ஒருவரே என்று விதித்துவிட்டு, கவனக்குறைவால் ஒரு பெண்ணுக்கு மீனாட்சி, லட்சுமி என இரண்டு தாய்களைப் பதிந்துவிட்டேன். பிழை என்று அது சொல்லவில்லை; மாறாக, மீனாட்சியும் லட்சுமியும் ஒரே ஆள்தான் என்று முடிவுகட்டியது. இருவர் வெவ்வேறு ஆட்கள் என்று நாம் சொல்லாதவரை, பெயர் வேறுபடுவதாலேயே ஆளும் வேறு என்று அது கொள்வதில்லை. அதையும் எழுதிச் சேர்த்தவுடன் முரண்பாடு வெளிப்பட்டது. எந்தெந்தக் கூற்றுகள் மோதுகின்றன என்று விளக்கச் சாளரம் வரிசையாகக் காட்டியது. நாம் சொல்லாமல் விட்டது எது என்பதை இவ்வளவு துல்லியமாக உணர்த்துவதே இந்த மென்பொருளின் தலையாய பயன் என்பேன்.

அண்ணன், தம்பி என்ற பாகுபாட்டில் ஒரு வரம்பு தெரிகிறது. இருவரின் பிறந்த ஆண்டுகளை ஒப்பிட்டு மூத்தவரைத் தேர்ந்தெடுக்க, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2009இல் பரிந்துரைத்த, ஆன்டாலஜிகளை எழுதுவதற்கான ஓ.டபிள்யூ.எல். 2 மொழியில் வழி இல்லை. புரோட்டேஜே இந்த மொழியைத்தான் பின்பற்றுகிறது. எனவே ‘மூத்தவர்’ என்ற தொடர்பை நாமே கையால் பதிய வேண்டும், அல்லது தனி விதிமொழி ஒன்றின் துணையை நாட வேண்டும். பெரியப்பா, சித்தப்பா இரண்டுக்கும் இதே சிக்கல் உண்டு.

தமிழ் எழுத்துகளுக்குத் தடை இல்லை. ஒவ்வொரு கருத்துருவுக்கும் தமிழ், ஆங்கிலம் என மொழி குறித்த பெயர்களைச் சூட்டி, திரையில் தமிழ்ப் பெயரே தெரியும்படி அமைத்துக்கொள்ளலாம். மெனுக்கள் ஆங்கிலத்தில் இருப்பதும், முதல் பார்வையிலேயே திரை முழுவதும் பலகங்கள் நிறைந்திருப்பதும் தொடக்கத்தில் மலைப்பைத் தரும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் பீட்சா வகைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு உருவாக்கிய பயிற்சியை முதலில் ஒருமுறை செய்து முடிப்பது நல்லது. பலர் சேர்ந்து எழுதுவதானால், உலாவியிலேயே இயங்கும் வெப்புரோட்டேஜே வசதியானது. யார் எதை மாற்றினார் என்ற வரலாறும் அதில் பதிவாகிறது.

பகிர்வதற்கு ஒரு கோப்பு போதும். மாமனாரையும் ‘மாமா’ என்றே அழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், என் கோப்பை இறக்குமதி செய்து, என் வரையறைகளில் கைவைக்காமலேயே தம் வழக்கைத் தனிக் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.