பின் சீற்றுக்குக் கீழே ஒரு பற்றரி: அக்வாவோடு எட்டு வருசம்

2013 மாடல் டொயோட்டா அக்வா, பெற்றோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். 2017இல் வாங்கினேன். ஓட்டம் பெரும்பாலும் திருகோணமலையில் உவர்மலைக்கும் நிலாவெளிக்கும் இடையில்தான், இடையிடையே ஹபரணை வழியாகக் கொழும்பு. வாங்கிய நாளிலிருந்து எல்லோரும் கேட்பது, "பற்றரி எத்தனை வருசம் தாங்கும்?" என்னைக் கேட்டால், வருசத்தை எண்ணுவதைவிடச் சூட்டைக் கவனிப்பது நல்லது.

பின் சீற்றுக்குக் கீழே இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரி. 1.2 வோல்ட் செல்கள் ஆறு சேர்ந்தது ஒரு மொடியூல். அப்படி 20 மொடியூல் தொடராக, மொத்தம் 144 வோல்ட். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி இதை ஏற்றும், போதாததை என்ஜின் ஏற்றும். கைபேசி மாதிரி முழுதாக நிரப்பி முழுதாக வடிய விடாமல், காரின் கணினி எப்போதும் நடு மட்டத்திலேயே வைத்திருக்கும். இத்தனை வருசம் உழைப்பதற்கு முக்கிய காரணம் அதுதான்.

2021 ஆவணி வெயிலில், கந்தளாய் தாண்டும்போது எச்சரிக்கை லைற் எரிந்தது. ஒரு கராஜில் பழுதான மொடியூலை மட்டும் கழற்றி, வேறொரு பழைய பற்றரியில் இருந்து எடுத்ததைப் போட்டார்கள். செலவு குறைவு, சந்தோசம். ஐந்தாம் மாதம் அதே லைற், இந்த முறை வேறொரு மொடியூல். எல்லாம் ஒரே வயதுக்காரர்; ஒன்று களைத்தால் மற்றவையும் பின்னாலேயே வரும். தொடராக இருப்பதால் ஒன்றின் பலவீனம் முழுப் பற்றரியையும் இழுத்துவிடும்.

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் தம்பி மொடியூலைத் தொடவே இல்லை, முதலில் குளிர்விக்கும் விசிறியைத்தான் கழற்றினார். உள்ளே உப்புவெளிக் கடற்கரை பாதி இருந்தது. மணல், தூசி, என் மகளின் தலைமுடி! பற்றரி காருக்குள் இருக்கும் குளிர்காற்றை பின் சீற்றடியில் உள்ள துவாரத்தால்தான் இழுக்கிறது. குளித்துவிட்டு வந்த பிள்ளைகளின் ஈரத் துவாயும் பைகளும் நான்கு வருசமாக அந்தத் துவாரத்துக்கு முன்னால்தான் கிடந்தன. கடைசியில் முழுப் பற்றரியும் மாற்ற வேண்டி வந்தது. காசு வலித்தது. அதன் பிறகு வருசம் ஒருமுறை விசிறியைக் கழற்றித் துடைப்பிக்கிறேன், துவாரத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் வைக்க விடுவதில்லை.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்றபோது இன்னொன்று படித்தேன். நியூட்ரலில் போட்டு ஏசியோடு இருந்தால் பற்றரி வடிந்துகொண்டே போகும், என்ஜின் ஓடினாலும் ஏறாது. நிற்கும் நேரம் பார்க்கிங்கில் போட வேண்டும்.

போன மாதம் மூன்று கிழமை வெளியூரில் நின்றுவிட்டு வந்தால், கார் அசையவில்லை. பக்கத்து வீட்டு அண்ணை உடனே, "ஹைபிரிட் பற்றரி போச்சு தம்பி" என்றார். போனது சாதாரண 12 வோல்ட் பற்றரி. கணினியை எழுப்புவது அதுதான். ஜம்பர் வயர் கொடுத்தோம், "ரெடி" லைற் வந்துவிட்டது. அண்ணை இன்னும் நம்பவில்லை.