140 ரூபாய் வாஷர் கிட்: இடது பிழைத்தது, வலது போனது

எங்கள் வீட்டு மாருதி 800-க்கு வயது 19. ஒரு மாதமாகவே டப்பாவில் பிரேக் ஆயில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்பக்க இடது டயரின் உள்பக்கம் ஈரமாக இருப்பதைப் பார்த்ததும் வீல் சிலிண்டர்தான் (பெடலை மிதித்தால் ஆயிலின் அழுத்தத்தில் பிரேக் ஷூவைத் தள்ளுகிற சின்னக் குழல்) என்று தெரிந்துவிட்டது.

சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கார் உதிரிபாகக் கடை. "முழு சிலிண்டரா மாத்திடுங்க சார், தலைவலி இருக்காது" என்றார் கடைக்காரர். நான் கேட்கவில்லை. கேள்விப்படாத கம்பெனியின் ரப்பர் கிட், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாங்கினேன். உள்ளே இரண்டு வாஷர் (ஆயில் ஒழுகாமல் தடுக்கிற கிண்ண வடிவ ரப்பர்), சிலிண்டர் முனைகளை மூடுகிற இரண்டு டஸ்ட் கவர், அவ்வளவுதான். ஸ்பிரிங்கும் பிஸ்டனும் பழையவைதான். "மண்ணெண்ணெயில கழுவிட்டு மாட்டுங்க" என்று போகிற போக்கில் ஒரு யோசனையும் சொன்னார். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், கிரீஸ் எது பட்டாலும் இந்த ரப்பர் ஊதிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும்.

டிரம்மைக் கழற்றி, உள்ளிருந்த கறுப்புத் தூளை ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தேன். ஷூவை எடுத்து, பைப் நட்டைக் கழற்றி, இரண்டு பக்கத்துச் சிலிண்டரையும் மேஜைக்குக் கொண்டுவந்தேன். டஸ்ட் கவரை உரித்ததும் பழைய டிகாஷன் போல ஒரு குழம்பு வழிந்தது. ஒரு முனையில் மரக்கரண்டிக் காம்பை வைத்து அழுத்தினால் பிஸ்டன், வாஷர், ஸ்பிரிங், மறுபக்கத்து வாஷர், பிஸ்டன் எல்லாம் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வெளியே வந்தன. (கரண்டியைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.)

துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது சிலிண்டரில் கறை மட்டும்தான், உள்சுவரைத் தடவினால் நகம் எங்கும் மாட்டவில்லை. வலதில் அடிப்பக்கம் அம்மைத் தழும்பு போலத் துருக் குழிகள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டது என் தப்பு. நகம் மாட்டுகிற சிலிண்டருக்கு எந்த வாஷர் போட்டாலும் ஒழுகும். அதற்குப் புது சிலிண்டர் வாங்க மறுநாள் அதே கடைக்குப் போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

சரி, கிட்டுக்கு வருகிறேன். வாஷர் நன்றாகவே இருக்கிறது: விளிம்பு ஒரே சீர், சிலிண்டர் துளையில் இறுக்கமாக உட்கார்ந்தது. குழிந்த பக்கம் ஸ்பிரிங்கைப் பார்த்து இருக்க வேண்டும். ஆயிலின் அழுத்தம் விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்ட வைப்பது அப்போதுதான். டஸ்ட் கவர் சுமார். ஒன்றில் பிசிர் நீட்டிக்கொண்டிருந்தது, பிளேடால் சீவினேன். கிட் பாக்கெட்டில் தயாரித்த மாதம் இல்லை. ரப்பர் சாமானுக்கு அது இல்லாதது பெரிய குறை.

ஷூவில் ஆயில் குடித்த லைனிங்கையும் மாற்றிவிட்டு ஏர் எடுக்க, அதாவது பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற, உட்கார்ந்தோம். "என்னங்க, இன்னும் எத்தனை தடவை மிதிக்கணும்?" என்று காருக்குள்ளிருந்து நாலு முறை குரல் வந்தது. இப்போது பெடல் மேலேயே நிற்கிறது. மூன்று மாதமாக இடது டயர் காய்ந்தே இருக்கிறது.

வலதுக்கு வாங்கிய கிட் டேஷ்போர்டில் கிடக்கிறது. பிரித்த பாக்கெட்டைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாராம்.